கூலர் வாங்கும் முன் வோல்டேஜைப் பாருங்கள்

கேள்வி: ரைசன் 7 7700எக்ஸ் ப்ராசஸர் போட்டு மேசைக் கணினி ஒன்று சேர்த்தேன். வீடியோ ரெண்டர் ஓட ஆரம்பித்தால் 95 டிகிரி காட்டுகிறது. விசிறி போடும் இரைச்சலில் பக்கத்து அறையில் இருப்பவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். பெரிய கூலர் வாங்கலாம் என்று இருந்தேன். “அண்டர்வோல்ட் செய்தால் போதும், காசு மிச்சம்” என்கிறான் நண்பன். செய்யலாமா? ப்ராசஸர் கெட்டுவிடாதா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ப்ராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைப்பதுதான் அண்டர்வோல்ட். கூலர் வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஆனால் உங்கள் நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

முதலில், அந்த 95 டிகிரியைப் பார்த்துப் பதற வேண்டாம். ரைசன் 7000 வரிசை அந்த அளவுவரை ஏறி ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் ரகம் இது. நீங்கள் குளிர்ச்சியைக் கூட்டினால், அதில் ஒரு பங்கைக் கூடுதல் வேகமாக மாற்றிக்கொள்ளப் பார்க்கும். பெரிய கூலர் வாங்கிய பலர் ‘வெப்பம் நினைத்த அளவுக்குக் குறையவில்லையே’ என்று புலம்புவது இதனால்தான்.

வோல்டேஜைக் குறைக்க ஏன் இடம் இருக்கிறது? ஒரே மாதிரி இரண்டு சில்லுகள் பிறப்பதில்லை. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே நிம்மதியாக ஓடும், இன்னொன்றுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். தயாரிப்பாளர், இருப்பதிலேயே சுமாரான சில்லும் பல வருடம் கழித்து வெப்பத்தில் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டு அளவு வைக்கிறார். வளரும் பிள்ளைக்குச் சட்டையைத் தொளதொளவென்று தைப்பது போல. அந்தத் தொளதொளப்பைத்தான் நாம் பிடித்துத் தைக்கப் போகிறோம். வேகம் மாறாமல் இருந்தால், சில்லு இயங்கச் செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 1.30 வோல்ட்டை 1.20 ஆக்கினால் குறைப்பு 8 சதவீதம்கூட இல்லை, மிச்சமாவதோ சுமார் 15 சதவீதம்.

இங்கேதான் நண்பர் விட்ட பாதி வருகிறது. ரைசனில் வோல்டேஜை மட்டும் குறைத்தால், மிச்சமான மின்சாரத்தையும் எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடும். வேகச் சோதனையில் மதிப்பெண் ஏறும், இரைச்சல் அப்படியே இருக்கும். உங்களுக்கு வேண்டியது அமைதி என்றால் பவர் உச்சவரம்பையும் சேர்த்து இறக்க வேண்டும். அதையே முதலில் செய்யுங்கள். பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) ஈகோ மோட் என்று இருக்கும், அதில் 65 வாட்டைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ப்ராசஸர் சாதாரணமாக 142 வாட் வரை இழுக்கும். 65 என்பது பெயருக்குத்தான், இப்போது 88 வாட்டோடு நின்றுவிடும். ரெண்டர் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், ஆனால் மின்சாரம் குறைந்த அளவுக்கு வேகம் குறையாது. பலருக்கு இதுவே போதும். இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இழந்த வேகத்தையும் மீட்க வேண்டும் என்றால் அடுத்தது கர்வ் ஆப்டிமைசர், வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு இதுதான். பயாஸின் அட்வான்ஸ்டு பகுதியில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்று ஒரு மூலையில் இருக்கும். எச்சரிக்கைப் பக்கத்தில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தினால்தான் உள்ளே விடும். ஆல் கோர் (ப்ராசஸருக்குள் இருக்கும் எல்லாக் கணக்குப் பிரிவுகளும்) என்று வைத்து, குறியை நெகட்டிவ் ஆக்கி, 10 என்று கொடுங்கள். குறியைப் பாசிட்டிவிலேயே விட்டுவிட்டு ‘சூடு கூடிவிட்டதே’ என்று வருபவர்களும் உண்டு. ஒரு எண் என்பது ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். 10 சரியாக ஓடினால் 15, அப்புறம் 20. ஒவ்வொரு படியிலும் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை நிரலை ஓட்டி மதிப்பெண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் போதாமல் போனால் சில சமயம் கணினி நிற்காது. திரையில் அதே கிகாஹெர்ட்ஸைக் காட்டிக்கொண்டே உள்ளுக்குள் மெதுவாகும். மதிப்பெண் இறங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஸ்திரமாக இருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில்தான் நான் ஏமாந்தேன். என் கணினியில் ஒரேயடியாக 30 குறைத்து, இரண்டு மணி நேரம் எல்லாக் கோர்களையும் வாட்டி எடுத்தேன். அசையவில்லை. வெற்றி என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலை ஒரு பிடிஎஃப் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது திரை கறுத்து, தானாக ரீஸ்டார்ட் ஆனது. காரணம் எளிது. எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் கட்டுக்குள் இருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில்தான் ஒற்றைக் கோர் திடீரென்று உச்ச வேகத்துக்குத் தாவும், தடுக்கி விழுவதும் அங்கேதான். அதனால் கோர்சைக்கிளர் போல ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ லாகர் என்ற பெயரில் பிழை பதிவாகியிருந்தால், கணினி நிற்காவிட்டாலும் அந்த அளவு தேறவில்லை. தடுமாறும் கோருக்கு மட்டும் எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம், 20 என்றிருந்தால் 15 என்று. பெரும்பாலும் அது, இருப்பதிலேயே வேகமான கோராகத்தான் இருக்கும்.

கெட்டுவிடுமா என்றால், குறைந்த வோல்டேஜால் சில்லு கருகாது. பயப்பட வேண்டியது கோப்புகளுக்கு. தப்பாகக் கணக்குப் போடும் ப்ராசஸர் சேமிக்கும் கோப்பையும் தப்பாகவே சேமிக்கும். சோதனை முடியும்வரை முக்கியமானவற்றுக்கு ஒரு நகல் வேறு வட்டில் இருக்கட்டும். கணினி எழுந்திருக்கவே மறுத்தால் மதர்போர்டில் சிமாஸ் கிளியர் செய்யுங்கள், பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்குப் பிறகு முதல் தடவை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 மெமரியைப் புதிதாகப் பழக்கிக்கொண்டிருக்கும். பதறி சுவிட்சை அணைக்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது இன்டெல் ஐ5 12400. பயாஸில் வோல்டேஜைக் குறைத்தேன், ஒன்றும் மாறவில்லை. பழுதா?

பதில்: பழுது இல்லை, பூட்டு. வோல்டேஜை மென்பொருள் வழியாக இறக்கி, ப்ராசஸரின் பாதுகாப்புப் பகுதியில் பிழை உண்டாக்கலாம் என்று 2019 டிசம்பரில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிளண்டர்வோல்ட் என்று அதற்குப் பெயர். அதன் பிறகு இன்டெல் இந்தக் கதவை இறுக்கியது. பெயரின் கடைசியில் ‘கே’ இல்லாத புதிய தலைமுறைச் சில்லுகளில் பெரும்பாலும் இது திறக்காது. விடுங்கள், பிஎல்1 (நீடித்து இழுக்கும் மின்சாரம்), பிஎல்2 (சற்று நேரத்துக்கு எட்டும் உச்சம்) என்ற இரு பவர் வரம்புகள் உங்கள் கையில் இருக்கின்றன. உங்கள் சில்லுக்கு அடிப்படை 65 வாட், உச்சம் 117 வாட். பல மதர்போர்டுகள் இந்த வரம்பையே தூக்கிவிட்டு விற்பனைக்கு வருகின்றன. இரண்டையும் 65 ஆக்கிப் பாருங்கள், அன்றாட வேலையில் வித்தியாசமே தெரியாது. அடுத்த தடவை வாங்குவதற்கு முன் மதர்போர்டின் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, பயாஸ் பக்கங்களில் உங்களுக்கு வேண்டிய அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

கேள்வி: பழைய ஐ9 13900கே ஒன்று மலிவாக வருகிறது. அண்டர்வோல்ட் செய்து ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?

பதில்: மலிவு என்பதற்காக வேண்டாம். 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகள் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டுத் தேய்ந்துபோன கதை 2024இல் பெரிதாக வெடித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் இன்டெல் மைக்ரோகோடு (சில்லுக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்களை வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் இனிமேல் தேயாமல் காக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது. தேய்ந்த சில்லு ஏற்கெனவே கூடுதல் வோல்டேஜ் கேட்கும், அதில் நீங்கள் குறைக்கப் போனால் என்ன ஆகும்? வாங்கியே தீர வேண்டுமென்றால் உத்தரவாதம் மிச்சம் இருக்கிறதா என்று வரிசை எண்ணை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அண்டர்வோல்ட் செய்தால் உத்தரவாதம் போய்விடுமா?

பதில்: வரையறைக்கு வெளியே வோல்டேஜை மாற்றினால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்று இரு நிறுவனங்களுமே எழுதிவைத்திருக்கின்றன. ஏற்றுவதற்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், ஏஎம்டி இறக்குவதையும் சேர்த்தே சொல்கிறது.

கேள்வி: வெப்பம் 60 டிகிரிகூடத் தாண்டுவதில்லை. ஆனாலும் பிரவுசரைத் திறந்தாலே விசிறி ‘உர்’ என்று ஏறி, உடனே இறங்குகிறது. எவ்வளவு குறைக்க வேண்டும்?

பதில்: வோல்டேஜைத் தொடாதீர்கள். பயாஸில் விசிறி வளைகோட்டை (எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம் என்ற கோடு) 65 டிகிரி வரை சமமாக வைத்து, ஸ்டெப் அப் நேரத்தை (விசிறி வேகம் ஏறும் முன் காத்திருக்கும் நேரம்) சில விநாடிகள் கூட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.