மூன்று மாதத்தில் 18 கிலோ குறைக்கணுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 68 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பூங்காவில் நடந்த இலவச முகாமில் மெஷினில் ஏற்றிப் பார்த்து, 'உடம்பு வயது 57, மூன்று மாதத்தில் 18 கிலோ குறைக்கணும்' என்று சொல்லி பவுடர் டப்பா வாங்கச் சொல்கிறார்கள். மருத்துவமனைச் சுவர் அட்டவணைப்படி எனக்கு 'அதிக எடை' மட்டும்தான். எதை நம்புவது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில், டப்பாவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்) பார்க்க எந்த மெஷினும் வேண்டாம். 62 அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கினால் 157.5 செ.மீ., அதாவது 1.575 மீட்டர். அதை அதே எண்ணால் பெருக்கினால் 2.48. எடை 68-ஐ 2.48-ஆல் வகுத்தால் 27.4. கணக்கு பிசகுவது பெரும்பாலும் உயரத்தில்தான். ஒரே ஓர் அங்குலம் குறைந்தால் இதே எடைக்கு 28.3 வந்துவிடும். கொண்டையை அவிழ்த்து, செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நின்று, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்துக் கோடு போட்டு அளந்து பாருங்கள்.

நீங்கள் பார்த்த சுவர் அட்டவணை, 30-ஐத் தாண்டினால்தான் உடல்பருமன் என்கிற உலகப் பொது அளவு. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால் இந்திய மருத்துவ நிபுணர்கள் 2009-லேயே அளவை இறக்கிவிட்டார்கள்: 18 முதல் 22.9 வரை சரியான எடை, 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல்பருமன். அதன்படி உங்கள் 27.4 உடல்பருமன்தான். இத்தனை வருஷம் கழித்தும் பழைய அட்டவணையைக் கழற்ற ஆளில்லை! ஓ.பி. சீட்டிலும் எடையை மட்டும் எழுதி உயரத்தை விட்டுவிடுகிறார்கள். உயரம் தெரியாமல் எடையை வைத்து யார் என்ன சொல்ல முடியும்? அடுத்த முறை உயரத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

இனி அந்த முகாம். மெஷின் பாதம் வழியாக லேசான மின்சாரம் செலுத்தி, உடம்பில் உள்ள நீரை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. நடந்து வியர்த்து வந்தால் ஓர் எண், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் வேறு எண். 'உடம்பு வயது' என்பது கம்பெனி போட்ட கணக்கு. அதைக் காட்டி எந்த டாக்டரும் வைத்தியம் பார்ப்பதில்லை. டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறதே என்பார்கள். அது உணவு விற்க வாங்கிய உரிமம், எடை குறையும் என்பதற்குச் சான்று இல்லை. விற்பவருக்குக் கமிஷன். நாலு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கும் கமிஷன் என்று இழுப்பார்கள், அந்தப் பேச்சு வந்ததுமே எழுந்து வந்துவிடுங்கள். மூன்று மாதத்தில் 18 கிலோ இறக்கினால் கொழுப்போடு தசையும் கரையும், பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்பு அதிகம்.

உங்கள் முதல் இலக்கு, இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பது. ஆறு மாதத்தில் 61-லிருந்து 64 கிலோவுக்குள் வந்தால் போதும், சர்க்கரையில் வித்தியாசம் தெரியும். வாரத்துக்கு அரை கிலோவைத் தாண்ட வேண்டாம். பிறகு நிதானமாக 57 கிலோவை (உங்கள் உயரத்துக்கு பிஎம்ஐ 22.9 வரும் எடை) நோக்கிப் போகலாம். மதியமும் இரவும் அரை கப் சோறு குறைத்து அந்த இடத்தில் காய், பருப்பு. காபிக்குச் சர்க்கரை வேண்டாம். தினம் அரை மணி வேக நடை. வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், பாய் விரிக்காத தரையில் மெஷினை வைத்து எடை பாருங்கள்.

மாத்திரை விஷயத்தை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிமிபிரைடு என்றும் இருந்தால் (இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வருவதுண்டு) சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை தடாலென இறங்கும். கை நடுங்கி, வியர்த்து, பசி கிளம்பினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பிறகு சாப்பிடுங்கள். கால் மணியில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. மயங்கி நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதேதான்.

இடுப்பையும் மாதம் ஒரு முறை டெய்லர் டேப்பால் அளங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அல்ல; கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும்.