இங்கிலாந்துல பஸ் ஸ்டாப்ல ஒரு நிமிஷம் கார் நிறுத்துனதுக்கு ஃபைன் வந்திருக்கு, அப்பீல் பண்ணா ஜெயிக்க முடியுமா?

முடியும், ஆனா "ஒரு நிமிஷம்தான் நின்னேன்"னு எழுதி ஜெயிக்க முடியாது. நான் முதல்ல அப்படித்தான் எழுதினேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

லண்டனுக்கு வெளிய ஒரு ஊர், அன்னிக்கு நல்ல மழை, அம்மாவுக்கு முட்டி வலி, போக வேண்டிய கிளினிக்குக்கு நேரா பஸ் ஸ்டாப். "இங்கயே இறக்கி விட்டுருப்பா, கார் பார்க்ல இருந்து என்னால நடக்க முடியாது"ன்னாங்க. நான் இறங்கி கதவ தொறந்து, குடைய விரிச்சு கையில குடுத்து, அவங்க பிளாட்பாரத்துல கால ஊனுற வரைக்கும் நின்னேன், அவ்ளோதான். பத்து நாள் கழிச்சு தபால்ல பிசிஎன், அதாவது ஃபைன் கட்டச் சொல்ற பெனால்டி சார்ஜ் நோட்டீஸ் வந்துச்சு. கேமரால எடுத்த ரெண்டு போட்டோ, ஒண்ணுல அம்மாவோட குடை கூட தெளிவா தெரியுது. கோட் 47, அதாவது பஸ் ஸ்டாப்ல நிறுத்துனது, 70 பவுண்ட், 21 நாளைக்குள்ள கட்டினா பாதி, 35.

அம்மா வயசு, முட்டி, மழை, எத்தன செகண்டுன்னு எல்லாம் சேத்து ஒரு பக்கத்துக்கு கவுன்சிலுக்கு (நம்ம ஊரு நகராட்சி மாதிரி, ஃபைன் போட்டது அவங்கதான்) எழுதி அனுப்பினேன், மூணு வாரத்துல ரிஜெக்ட் பண்ணி லெட்டர் வந்துச்சு. கோவமா வந்துச்சு, ஆனா அப்புறம் உக்காந்து ரூல படிச்சப்ப அவங்க சொன்னது சரின்னு புரிஞ்சுது. பஸ் ஸ்டாப் கிளியர்வேல, அதாவது மத்த வண்டி நிக்கவே கூடாதுன்னு குறிச்ச பஸ் ஸ்டாப்ல, தனியார் கார் ஆள இறக்கி விடக்கூட நிக்கக்கூடாது, லைசென்ஸ் உள்ள டாக்ஸிக்கு மட்டும்தான் ஆள ஏத்த இறக்க அனுமதி. மாற்றுத்திறனாளிகளுக்கு பார்க்கிங் சலுகை தர்ற புளூ பேட்ஜ் இருந்தாலும் இங்க செல்லாது. பார்க்கிங் பேல (கார் நிறுத்த கோடு போட்ட இடத்துல) நேரம் முடிஞ்சப்புறம் குடுக்குற 10 நிமிஷ சலுகையும் இதுக்கு கிடையாது, நின்ன உடனே தப்புதான்.

இவ்ளோ கறாரா ஏன் வச்சிருக்காங்கன்னு எனக்கு ரூல் படிச்சப்ப கூட முழுசா புரியல, அதே ஸ்டாப்ல ஒரு நாள் பாத்துட்டேன். ஒரு வேன் நின்னுட்டு இருந்துச்சு, பஸ்ஸால பிளாட்பாரம் ஓரமா ஒட்டி வர முடியல, ரோட்டு நடுவுலயே நின்னுடுச்சு. வீல்சேர்ல காத்துட்டு இருந்த ஒரு அம்மாவுக்கு சாய்வுப் பலகை எட்டல, வேன் நகர்ற வரைக்கும் மழையில உக்காந்திருந்தாங்க. எங்க அம்மாவுக்கு முட்டி வலின்னு நான் செஞ்சது இன்னொருத்தங்க அம்மாவ இப்படி உக்கார வச்சிருக்கலாம். அதுக்கப்புறம் நான் எங்கயும் பஸ் ஸ்டாப்ல நிறுத்தறதில்ல.

சரி, கேஸுக்கு வரேன். அந்த ரிஜெக்ட் லெட்டர்லயே மறுபடியும் 35 கட்ட ஒரு வாய்ப்பு குடுத்திருந்தாங்க, கட்டிடலாம்னுதான் இருந்தேன். கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ கவுன்சில் அனுப்பின போட்டோவ பெருசாக்கி பாத்தேன், காரோட பின் சக்கரத்துக்கு கீழ ரோடு ஒரு மாதிரி கருப்பா, புதுசா இருந்துச்சு. மறுநாள் காலைல நேர்ல போய் பாத்தா ஏதோ பைப் போட குழி தோண்டி தார் போட்டு மூடியிருக்காங்க. பஸ் ஸ்டாப் கட்டத்துக்குள்ள பிளாட்பாரம் ஓரமா தடிமனா ஒரு மஞ்சக் கோடு ஓடும் பாருங்க, அந்தக் கோடுதான் "இங்க நிக்கவே கூடாது"ன்னு சொல்றது, வெறும் புள்ளிக்கோடு கட்டமும் எழுத்தும் மட்டும் இருந்தா அது போதாது. அந்தக் கோடு என் கார் நின்ன இடத்துல ஒன்றரை கார் நீளத்துக்கு இல்லவே இல்ல, தார் போட்டவங்க திரும்ப பெயின்ட் அடிக்கல.

கவுன்சில் போட்டோல தெரியுற அதே விளக்குக் கம்பம் என் போட்டோலயும் வர்ற மாதிரி நின்னு, தூரத்துல இருந்து ரெண்டு, பக்கத்துல இருந்து நாலு எடுத்தேன். கம்பம் ரொம்ப முக்கியம், இல்லன்னா "இது வேற இடம்"னு சொல்லிட வாய்ப்பு இருக்கு. அப்புறம் கவுன்சிலுக்கு சம்பந்தமில்லாம இந்த மாதிரி கேஸ விசாரிக்கிற டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனல்ல ஆன்லைன்லயே அப்பீல் போட்டேன், காசு கிடையாது, லண்டனுக்குள்ளன்னா லண்டன் டிரிப்யூனல்ஸ். முட்டி, மழை எதையும் எழுதல, "விதிமீறல் நடக்கல, ஏன்னா கார் நின்ன இடத்துல கோடு இல்ல"ன்னு நாலே வரி, கூட ஆறு போட்டோ. ஹியரிங் வரைக்கும் போகல, நாங்க எதிர்த்து வாதாடலன்னு கவுன்சிலே சொல்லிட்டாங்க, ஃபைன் கேன்சல்.

அதுக்காக கோடு லேசா மங்கியிருந்தா போதும்னு நெனச்சு போகாதீங்க, பாக்கற டிரைவருக்கு புரியற அளவுக்கு இருந்தா செல்லும்னுதான் பொதுவா எடுத்துப்பாங்க. டிரிப்யூனல் போனா பாதி தொகை சலுகை போயிடும், தோத்தா முழுசா கட்டணும், அதையும் யோசிச்சுக்கோங்க.

கோடு முழுசா இருந்தும் ஜெயிக்கிற கேஸ் இருக்கு. வண்டி பிரேக்டவுன் ஆச்சு, ஆக்சிடென்ட தவிர்க்க நிறுத்துனீங்க, போலீஸ் நிறுத்தச் சொன்னாங்க, கார்ல இருந்தவங்களுக்கு திடீர்னு மூச்சுத் திணறல், இந்த மாதிரி உங்க கைய மீறுன காரணம் இருந்தா எழுதுங்க, ஆனா இழுத்துட்டு போன வண்டிக்காரன் ரசீதோ ஆஸ்பத்திரி சீட்டோ கண்டிப்பா கூட வைங்க. வெறும் இரக்கத்துக்கு எழுதினா கவுன்சில் நெனச்சா விடலாம், டிரிப்யூனல் பரிசீலிங்கன்னு சிபாரிசுதான் பண்ண முடியும்.

தேதி விஷயத்துல மட்டும் அசால்ட்டா இருக்காதீங்க. தபால்ல வந்த பிசிஎன்னுக்கு பதில் எழுத 28 நாள், கவுன்சில் பதில் சொல்ல 56 நாள், அதுக்குள்ள பதில் வரலன்னா அவங்க கேன்சல் பண்ணித்தான் ஆகணும். ரிஜெக்ட் லெட்டர் வந்ததுல இருந்து டிரிப்யூனல் போக இன்னொரு 28 நாள்.

இன்னொண்ணு, லெட்டர் தலைப்ப பாருங்க. "பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்"னு இருந்தா பெரும்பாலும் கவுன்சில், மேல சொன்னது எல்லாம் அதுக்குத்தான். "பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்"னு இருந்தா தனியார் கம்பெனி, ஷாப்பிங் சென்டருக்குள்ள இருக்கற ஸ்டாப் மாதிரி இடத்துல வரும், அதுக்கு முதல்ல கம்பெனிக்கே எழுதி அப்புறம் பாப்லா (POPLA) இல்லன்னா ஐஏஎஸ் (IAS)னு தனியார் பார்க்கிங் அப்பீல விசாரிக்கிற அமைப்புக்கு போகணும், அது வேற வழி. உங்களுக்கு வந்தது எதுன்னு கமென்ட்ல சொல்லுங்க, போட்டோல கோடு தெரியுதான்னும் பாத்து சொல்லுங்க.