மலைப் பள்ளி விடுதி: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகள் 10ஆம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தயார்செய்யும் மலைப் பள்ளியில் 12ஆம் வகுப்புக்கு மட்டும் சேர்த்தால் போதாதா?

பதில்: போதாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 9ஆம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் பார்ப்பார்கள். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 தான் கெடு. ஆகஸ்டில் வந்து சேர்ந்த பெண்ணைப் பற்றி அக்டோபரில் பரிந்துரைக் கடிதம் எழுதச் சொன்னால் ஆசிரியர் பாவம் என்ன எழுதுவார்? "ஒழுங்காக வகுப்புக்கு வருகிறாள்" என்பார். அந்தக் கடிதம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஐபி டிப்ளமோ (11, 12ஆம் வகுப்புகளுக்கான சர்வதேசப் பாடத்திட்டம்) என்றால் இன்னும் சிக்கல். அது 6 பாடங்களோடு இரண்டு ஆண்டு தொடரும் படிப்பு. 4,000 சொல்லுக்குள் எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரையை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுவார்கள். 11ஆம் வகுப்பின் தொடக்கத்திலாவது சேர்த்துவிடுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போனால் நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, கல்லூரி விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் ஆலோசகர் ஒருவருக்கு 12ஆம் வகுப்பில் எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். இரவுப் படிப்பு நேரத்தில் பாட ஆசிரியர் இருப்பாரா, விடுதிக் காப்பாளர் மட்டும்தானா என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: பள்ளி 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மகனுக்கு முதல் இரண்டு நாளும் தலைவலி, தூக்கமில்லை. மலை ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவே. உடல் பழக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை ஓட்டமும் கால்பந்தும் வேண்டாம் என்று உடற்பயிற்சி ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். பையன்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்டி, கீழே இறக்கிவிட வேண்டும். நீண்ட விடுமுறை முடிந்து திரும்பும்போதும் தலைவலி வரலாம். மேலே பழகிய உடம்பு சில வாரங்களில் கீழே பழகிவிடும்.

கேள்வி: பெட்டி அடுக்கும்போது எதில் கோட்டை விடுவோம்?

பதில்: ஷாம்பூவில். சமவெளியில் மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று மேலே போகப் போக விரியும். மூடியைத் திறந்ததும் பீறிட்டு வரும், சில சமயம் பெட்டிக்குள்ளேயே கசிந்துவிடும். மூடுமுன் பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மைப்பேனாவைக் காலியாகவே அனுப்புங்கள். தடித்த ஸ்வெட்டர் ஒன்றுக்குப் பதில் மெல்லியதாக மூன்று வையுங்கள். மேகம் இறங்கும் நாட்களில் பருத்தி சாக்ஸ் லேசில் காயாது. கம்பளியில் 6 ஜோடி வேண்டும். பெயரை மார்க்கரால் எழுதாமல் தைத்துவிடுங்கள்.