வரப்போரம் – கேள்வி பதில்: ஆடு, தீ, பக்கத்துக் காட்டுக்காரர்

கேள்வி: அம்மா, எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரிக் கரிசல். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். மண் தேறட்டும், பறவை வரட்டும் என்று இரண்டு ஏக்கரில் விதைப்பை நிறுத்திவிட்டு வேம்பு, வாகை, உசிலை, வரப்பில் பனை என்று வைத்தேன். கோடையில் ஆடு புகுந்து பாதியைத் தின்றுவிட்டது. கம்பி வேலி என்றால் லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். ஊரில் கேட்டால், ‘உன் நிலம், உன் பாடு’ என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகி, திருச்சுழி

பதில்: பணம் இருந்தாலும் இப்போதைக்குக் கம்பி வேலி வேண்டாம். வேலி விழுந்த நிலத்தை ஊர், ‘யாரோ வாங்கிப்போட்ட இடம்’ என்று கணக்கில் வைத்துவிடும். அப்புறம் தீப்பிடித்தால்கூட ஓடிவர ஆள் இருக்காது.

அறுவடை முடிந்துவிட்டால் உங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் யார் நிலம் என்று பார்த்து ஆடு மேய்வதில்லை. அது பழைய வழக்கம், யாரும் அதைத் திருட்டாக நினைப்பதில்லை. உங்கள் இரண்டு ஏக்கரைத் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது தரிசாகத்தான் தெரியும். முழங்கால் உயர வேப்பங்கன்று புல்லுக்குள் யார் கண்ணில் படும்? எனவே கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வந்தது உள்ளூர் ஆடா, ஊர் ஊராகப் போய் ராத்திரியில் வயலில் அடைக்கிற கிடை ஆடா என்று முதலில் விசாரியுங்கள். கிடை என்றால் மந்தைக்குத் தலைவராக ஒரு கீதாரி இருப்பார். அவரிடம் பேசினால் மந்தைக்கே பேசியது போல. உள்ளூர் ஆடு என்றால் வீடு வீடாகத்தான் ஏற வேண்டும். ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ‘கன்று ஆட்டு வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை இந்த இரண்டு ஏக்கர் வேண்டாம். மற்ற இரண்டு ஏக்கரில் தட்டை அறுத்ததும் தாராளமாக மேயட்டும், கிடையும் போடுங்கள்’ என்று சொல்லுங்கள். கிடை என்பது ராத்திரிக்கு இவ்வளவு என்று நாம் காசு கொடுத்து வாங்குகிற உரம். அதை மரியாதையாகக் கேட்டு வாங்கினால் கீதாரிக்கும் சந்தோஷம். இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: உசிலையும் வாகையும் வளர்ந்த பிறகு, மழை பொய்த்த வருடங்களில் கிளை கழித்துக் குழை கொடுப்பீர்கள் என்று. ஆட்டுக்காரருக்கு உங்கள் மரத்தில் ஒரு பங்கு தெரிந்தால் போதும், காவலுக்குத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை.

பனைக்கு ஆட்டைவிட மனிதர்தான் பயம். புதைத்த கொட்டை முதலில் கீழே இறங்கிக் கிழங்கு வைக்கும், ஓலை வெளியே தெரிய மாதக்கணக்காகும். அதற்குள் பொங்கல் வந்துவிடும், பிள்ளைகள் கிழங்குக்காகத் தோண்டிவிடுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆவணி, புரட்டாசியில் விழும் பழங்களைப் பொறுக்கி, கிணற்றடியிலோ வீட்டுப் பக்கத்திலோ மண்ணைக் குவித்துத் தனியாக ஒரு பாத்தி போடுங்கள். ‘பொங்கல் கிழங்கு இங்கே, வரப்பில் கை வைக்கக் கூடாது’ என்று அவர்களையே கொட்டை புதைக்கச் சொல்லுங்கள்.

தீ விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் வேண்டாம். பங்குனி பிறப்பதற்குள் நிலத்தைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கிவிடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் சருகு கொளுத்துவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடும்படி கேளுங்கள். அன்றைக்கு நீங்களும், தீ தாண்டினால் அடித்து அணைக்கப் பச்சை வேப்பங்குழையோடு போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள்.

அரசு உதவியையும் விடாதீர்கள். 2021-ல் அறிவித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வரப்பு நடவுக்கு ஹெக்டேருக்கு 160 கன்று, அடர்நடவுக்கு 500 கன்று இலவசம் என்றார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து மூன்று வருடத்துக்கு, உயிரோடு நிற்கும் கன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. உழவன் செயலியில் பதியலாம். இந்த வருட ஒதுக்கீட்டை வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு ரூபாயைக் காட்டினால் ஆடு திரும்பிப் போகாது, அதனால்தான் இதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி: மகளைப் பார்க்க மெல்பர்ன் போயிருந்தேன். ஊர்ப்புறச் சாலைகளில் ‘லேண்ட்கேர்’ என்று பலகைகள். சொந்த நிலத்தில் மரம் நட ஊரே வரும் என்றார்கள். அடுத்தவன் நிலத்தில் போய்க் குழி தோண்ட அவர்களுக்கு என்ன வந்தது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: உப்பு வந்தது! அங்கே குடியேறியவர்கள் ஆழமாக வேர்விட்ட காட்டு மரங்களை வெட்டிக் கோதுமையும் புல்லும் விதைத்தார்கள். மேலோட்டமான வேர் மழைநீரை முழுக்கக் குடிக்காது. மிச்ச நீர் இறங்கி, நிலத்தடி நீர்மட்டம் ஏறி, மண்ணுக்குள் கிடந்த பழைய உப்பையும் மேலே கொண்டுவந்தது. இதில் கொடுமை என்னவென்றால், மரத்தை வெட்டியது மேட்டு நிலத்தில், உப்பு பூத்தது பள்ளத்து நிலத்தில். நஷ்டப்பட்டவர் தன் நிலத்தில் மட்டும் எத்தனை மரம் வைத்தாலும் தீராது. மேட்டுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியே ஆக வேண்டும்.

விக்டோரியா மாநிலத்தில் செயின்ட் ஆர்னாட் ஊருக்கு அருகே 1986-ல் முதல் லேண்ட்கேர் குழு கூடியது. அப்போது அந்த மாநிலத்தில் நிலமும் காடும் பார்த்த அமைச்சர் ஜோன் கர்னர், மாநில விவசாயிகள் சம்மேளனத் தலைவர் ஹெதர் மிட்செல் என்ற இரண்டு பெண்கள்தான் இதற்குப் பின்னால் நின்றார்கள். பிறகு தேசிய விவசாயிகள் சம்மேளனத்தின் ரிக் ஃபார்லியும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஃபிலிப் டாய்னும் சேர்ந்தே அரசிடம் போனார்கள். எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு தரப்பு ஒரே மனுவோடு வந்தால் எந்த அரசும் திகைக்கத்தானே செய்யும்! 1989 ஜூலையில் பிரதமர் பாப் ஹாக், அடுத்த பத்தாண்டுகளை லேண்ட்கேர் பத்தாண்டாக அறிவித்து 32 கோடி டாலர் ஒதுக்கினார். பணம் வருவதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் திட்டம் வந்த பிறகுதான் சங்கம் வரும், திட்டம் முடிந்ததும் சங்கமும் முடிந்துவிடும்.

அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஓரத்தில் நாலு வரிசை மரம் வைத்ததால் உப்பு இறங்கிவிடாது, சரிவு முழுக்க மரம் வேண்டும் என்பதைப் பிறகுதான் பலரும் உணர்ந்தார்கள்.

உங்கள் கேள்விக்கே வருகிறேன். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேலே யாருடைய பட்டாக் காடுகள் இருக்கின்றன? மேட்டில் ஒருவர் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டு, புல் வளர்த்து மண்ணைப் பிடித்து வைத்தால், கண்மாய் தூர்ந்துபோவது அந்த அளவுக்குக் குறையும். பலன் கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரருக்கு, செலவு மேட்டுக்காரருக்கு. தூர் வார ஏக்கருக்கு இவ்வளவு என்று வரி போடுகிற ஆயக்கட்டுக்காரர்கள், வருடத்தில் ஒரு நாள் மண்வெட்டியோடு மேட்டுக்காட்டுக்குப் போனால் என்ன? இதைச் சொன்னால் என்னைச் சண்டைக்காரி என்பார்கள். பரவாயில்லை.

கேள்வி: என் தோப்பில் ஊர்ப் பிள்ளைகள் வந்து வேலை செய்கிறார்கள், நடந்தும் போகிறார்கள். நாளைக்கு உரிமை கேட்டு நிற்பார்கள் என்று தம்பி மிரட்டுகிறான்.
– பெயர் வேண்டாம், சிவகங்கை

பதில்: தம்பி பாதி விஷயம்தான் கேள்விப்பட்டிருக்கிறார். அனுபவ பாத்தியதை என்று ஒருவர் நிலத்தையே கேட்க வேண்டுமானால், உரிமையாளருக்கு எதிராக 12 வருடம் அதைத் தன் கைவசம் வைத்திருக்க வேண்டும். நடைபாதை உரிமைக்கு, தடையில்லாமல் 20 வருடம், அதுவும் உரிமையாகவே நடந்திருக்க வேண்டும். நீங்கள் அனுமதித்து ஒருவர் வந்து போவது இந்த இரண்டிலும் சேராது. அனுமதி என்பதற்கு ஒரு அடையாளம் இருக்கட்டும்: ‘நில உரிமையாளர் அனுமதியுடன்’ என்று வாசலில் ஒரு பலகை, வேலை செய்ய வரும் நாளில் ஒரு நோட்டில் பெயரும் தேதியும் கையெழுத்தும். ஏற்கெனவே தகராறு இருந்தால் மட்டும் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: உதவிக்கு வருபவர்களுக்குக் கூலி கொடுக்கலாமா?
– வாசகி, மானாமதுரை

பதில்: கூலிக்காரரை அழைத்தால் முழுக் கூலி கொடுங்கள், ‘நல்ல காரியம்தானே’ என்று பாதியாக்காதீர்கள். உதவிக்கு வந்தவருக்கு மதியச் சாப்பாடும் மோரும் போதும், ரூபாயை நீட்டினால் வருத்தப்படுவார். அவர் காட்டில் களையெடுக்கும் நாளில் நீங்கள் போய் நில்லுங்கள். உடம்பு முடியாதென்றால் உங்கள் செலவில் ஒரு ஆளை அனுப்புங்கள்.