பிரிண்டருக்காகக் கடையைத் திறந்து போடலாமா?

கேள்வி: மதுரை மாவட்ட நீதிமன்றம் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பழைய லேசர் பிரிண்டரை, அதை வைஃபையில் சேர்க்கும் வயர்லெஸ் பிரிண்ட் சர்வர் பெட்டியில் மாட்டி ஓட்டுகிறேன். ரவுட்டர் மாற்றியதிலிருந்து பெட்டி வைஃபையில் சேரவில்லை. பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் உடனே அச்சாகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. உங்கள் கடையில் அச்சாவது உயில், கிரயப் பத்திரம், ஆதார் நகல். இந்தப் பெட்டிகளுக்கு ஃபைல் பெரும்பாலும் 9100 என்ற போர்ட் வழியாக, பூட்டு எதுவும் இல்லாமல்தான் போகிறது. வைஃபையும் திறந்து கிடந்தால், டீக்கடை பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவரே அதைப் பிடித்துவிடலாம்.

பழைய பெட்டிகள் பலவற்றுக்கு 'டபிள்யூஇபி', 'டபிள்யூபிஏ' என்ற பழைய வைஃபை பூட்டு முறைகளைத் தாண்டி எதுவும் தெரியாது. இதில் டபிள்யூஇபி 2001லேயே உடைபட்டது. இன்றைக்கு அதைத் திறப்பது சில நிமிஷ வேலை. பெட்டிக்காக ரவுட்டரை அந்த அளவுக்கு இறக்கினால், பில் போடும் கம்ப்யூட்டரும் சேர்ந்து இறங்கும். 2004ல் வந்த டபிள்யூபிஏ2தான் நமக்குக் குறைந்தபட்சம்.

லேன் கேபிளால் பெட்டியை ரவுட்டரில் சொருகுங்கள். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில், இணைந்த கருவிகளின் பட்டியலில் அதன் ஐபி எண் இருக்கும். அதை பிரவுசரில் அடித்தால் பெட்டியின் செட்டிங் பக்கம் திறக்கும். வயர்லெஸ் பகுதியில் 'டபிள்யூபிஏ2-பிஎஸ்கே', 'ஏஇஎஸ்' இரண்டையும் தேர்ந்தெடுங்கள், 'டிகேஐபி' என்ற பழைய பூட்டு முறை வேண்டாம். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கையால் அடியுங்கள். ஒரு கடையில் வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டிய பாஸ்வேர்டின் வாலில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்து, அரை நாள் என்னைச் சுற்றவிட்டது. அப்படியே பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். சேமித்து, கேபிளைக் கழற்றி, பெட்டியை அணைத்து மறுபடி போடுங்கள்.

அப்போதும் சேரவில்லையா? ரவுட்டர், அடுத்து வந்த 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று இருக்கலாம். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். பழைய பெட்டிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே ஓடும், ரவுட்டரில் அந்த அலைவரிசையும் அணைந்திருக்கக் கூடாது. சேனல் 12, 13 சில பெட்டிகளின் கண்ணிலேயே படாது. ரவுட்டரில் 1, 6, 11ல் ஒன்றை வையுங்கள்.

பெட்டியின் பட்டியலில் டபிள்யூபிஏ2 என்ற பேச்சே இல்லையென்றால், கம்பெனி தளத்தில் அதே மாடலுக்குப் புது ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் வைஃபை ஆசையை விட்டுவிட்டு, கேபிளிலேயே நிரந்தரமாக ஓட்டுங்கள். பிரிண்டர் என்ன, நடந்து திரியவா போகிறது? லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். உங்கள் கடைக்குப் பத்து மீட்டரே அதிகம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு துண்டு வாங்கி மேசைக்குப் பின்னால் ஓட்டிவிடுங்கள்.

வாடிக்கையாளர் வைஃபை கேட்டால் கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாகத் திறந்து கொடுங்கள். கடைப் பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தால், இன்றே கிழித்துவிட்டுப் புதிதாக மாற்றுங்கள்.