கேள்வி – பதில்: எழுதாமல் விட்ட உயில்

கேள்வி: குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த ஜான் வூல்மன், பதவியோ செல்வாக்கோ இல்லாதவராக இருந்தும், அடிமைகளை வைத்திருந்த தம் சபையாரின் மனத்தை எவ்வாறு மாற்றினார்?

பதில்: வூல்மன் 1720-இல், அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த நியூ ஜெர்சியில் பிறந்தார். மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் ஒரு கடையில் வேலை பார்த்த இளம் வயதில், முதலாளி தம் அடிமைப் பெண்ணை விற்று, அதற்கான கிரயப் பத்திரத்தை எழுதச் சொன்னார். வாங்க வந்தவரோ வயது முதிர்ந்த குவேக்கர். வூல்மன் மனம் கலங்கினார், ஆயினும் எழுதிக்கொடுத்தார். அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாதது என்று அவ்விருவரிடமும் சொன்னபோதும், எழுதியிருக்கக் கூடாது என்ற உறுத்தல் அவரை விடவில்லை.

பிற்காலத்தில், காயமுற்றுப் படுத்திருந்த அண்டை வீட்டார் ஒருவர் தம் உயிலை எழுதித் தருமாறு கேட்டார். அடிமைப் பெண்ணை இன்ன பிள்ளைக்குத் தருகிறேன் என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை எழுதிக் கட்டிலருகே படித்துக் காட்டிய வூல்மன், அப்பகுதியைத் தம்மால் எழுத இயலாது என்று நட்போடு கூறினார். இருவரும் பேசினர், அந்தப் பெண்ணை விடுவிக்க அவர் இசைந்த பிறகே உயில் முழுமை பெற்றது. வூல்மனின் வழிமுறை முழுவதும் இந்தக் கட்டிலருகே அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்: எதிரில் இருப்பவரை அவர் பழிக்கவில்லை, ஆனால் அநீதிக்குத் தம் கையைத் தரவும் இல்லை.

அமெரிக்காவின் தென் குடியேற்றப் பகுதிகளில் பயணம் செய்தபோது, அடிமைகளின் உழைப்பால் நடந்த வீடுகளில் உண்டு உறங்கியதற்கு, அவர்களுக்குச் சேருமாறு வெள்ளிக் காசுகளைக் கொடுத்துவிட்டே புறப்பட்டார். விருந்தோம்பலுக்குக் காசு தருவது வீட்டாருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்; அந்தச் சங்கடம் அவருக்கும் இருந்தது. 1754-இல் அடிமை முறைக்கு எதிரான அவருடைய கட்டுரை அச்சாயிற்று. 1758-இல், அப்பகுதிக் குவேக்கர்களின் தலைமை அவையான பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வைத்திருந்த உறுப்பினர்களை நேரில் சென்று சந்திக்கும் பணியை அவர் உள்ளிட்ட சிலரிடம் ஒப்படைத்தது. பள்ளி ஆசிரியரான அந்தோணி பெனிசெட் போன்ற தோழர்களின் உழைப்பும் இதில் பெரிது.

1772-இல் இங்கிலாந்து சென்ற வூல்மன், குதிரைகளும் வண்டியோட்டும் சிறுவர்களும் படும் துன்பம் கருதி வண்டி ஏறாமல் நடந்தே சென்று, யார்க் நகரில் பெரியம்மையால் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1776-இல், அடிமைகளை விடுவிக்க மறுக்கும் உறுப்பினர்களை நீக்குவதெனப் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவு செய்தது.