நாலு விமானம் வாங்கி நிறுத்தினால் போதாதா?

கேள்வி: குட்டி நாடுகள்கூட விமானப்படைக்குக் கோட்பாடு, கொள்கை என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொள்கின்றனவே, எதற்கு? நாலு நல்ல போர் விமானம் வாங்கி நிறுத்தி வைத்தால் எதிரி பயப்பட மாட்டானா? (வாசகர், பர்கூர்)

பதில்: நிறுத்தி வைத்தால் பயப்பட மாட்டான், சந்தோஷப்படுவான்.

1967 ஜூன் 5 காலை எகிப்தின் விமானங்கள் அப்படித்தான் நின்றன. விடியற்கால ரோந்து முடிந்துவிட்டது. அதிகாரிகள் பலர் வேலைக்கு வரும் வழியில் இருந்தார்கள். இஸ்ரேல் அந்த நேரம் பார்த்து வந்தது. தன் வானத்தைக் காக்க 12 போர் விமானங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அனுப்பிய துணிச்சல் அது. பொழுது சாய்வதற்குள் எகிப்துக்கு 300 விமானங்கள் அளவுக்கு நஷ்டம், பெரும்பாலும் தரையிலேயே. எகிப்து வாங்கியது மட்டமான சரக்கா? இல்லை, அன்றைக்குப் பேர்போன சோவியத் போர் விமானம் மிக்-21. இஸ்ரேலோ தரைப் பணியாளர்களைப் பழக்கி வைத்திருந்தது. வந்து இறங்கிய விமானத்துக்கு எண்ணெய் ஊற்றி, குண்டு மாட்டி, சில நிமிடங்களில் மறுபடி கிளப்பிவிடுவார்கள். ஒரே விமானம் ஒரு நாளில் நாலு தடவை போய் வந்தால் அது நாலு விமானம். உங்கள் நாலு எங்கே, இந்த நாலு எங்கே!

அவ்வளவு தூரம் போவானேன்? 2001 ஜூலை 24 விடிவதற்குள் கட்டுநாயக்காவில் புலிகள் புகுந்தபோது இலங்கை விமானப்படையின் கிஃபிர் போர் விமானங்களும் பக்கத்துப் பயணிகள் நிலையத்தின் ஏர்பஸ்களும் நின்ற இடத்திலேயே எரிந்தன. வேலிக்கும் காவலுக்கும் செலவழிக்காத காசு அன்று விமானமாக எரிந்தது.

நாலு என்றீர்கள், கணக்குப் பார்ப்போம். ஒன்று பெரிய சர்வீசுக்குப் பிரித்துப் போட்டிருக்கும். ஒன்று, கப்பலில் வரவேண்டிய உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும். ஒன்றில் புதுப் பையன்கள் பழகுவார்கள். மீதி ஒன்று. அதன் விமானியும் ராத்திரி தூங்க வேண்டுமல்லவா?

தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டியபோது மயிற்பீலி சூட்டி, எண்ணெய் பூசி அடுக்கியிருந்த வேல்களை அவ்வை பார்த்தாள். எங்கள் அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். தருமபுரிப் பட்டிமன்றப் பேச்சாளர்கள் இதை வீரத்துக்கு மட்டும் உதாரணம் காட்டிவிட்டு நேரே நெல்லிக்கனிக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அந்தப் பட்டறைதான் முக்கியம். அதியமானிடம் கொல்லன் இருந்தான், உள்ளூரிலேயே இருந்தான். சிங்கப்பூர் இதைப் புரிந்துகொண்ட ஊர். அமெரிக்கக் கடற்படை கழித்துக் கட்டிய ஸ்கைஹாக் விமானங்களை வாங்கி, பின்னாளில் புது இன்ஜின் மாற்றிப் பல வருஷம் ஓட்டினார்கள்.

தூக்கம் என்றதும் சுவிட்சர்லாந்து ஞாபகம் வருகிறது. 2014 பிப்ரவரி 17. அடிஸ் அபாபாவிலிருந்து ரோமுக்குப் போக வேண்டிய எத்தியோப்பிய விமானத்தை அதன் துணை விமானியே கடத்தினார். கேப்டன் கழிவறைக்குப் போன நேரத்தில் கதவைத் தாழ் போட்டுவிட்டார். காலை ஆறு மணிவாக்கில் ஜெனீவாவில் இறக்கி, ஜன்னல் வழியே கயிற்றில் தொங்கி இறங்கி, அடைக்கலம் கேட்டார். கூடவே பறந்து வந்தவை இத்தாலி, பிரான்ஸ் போர் விமானங்கள். சுவிஸ் விமானங்கள்? அவற்றுக்கு ஆபீஸ் எட்டு மணிக்குத்தான். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை சாப்பாடு, ஐந்துக்குப் பூட்டு. சனி, ஞாயிறு விடுமுறை. நம் தாலுகா ஆபீசில் 'சார் சாப்பிடப் போயிருக்கார், அப்புறம் வாங்க' என்றால் கோபப்படுகிறோமே! கடத்தல்காரருக்கு அந்தப் பதிலைச் சொல்லக்கூட ஆள் இல்லை. பட்டா மாறுதலுக்கு அலைந்து பழகியவராக இருந்திருந்தால் அவரே எட்டரைக்கு மேல் வந்திருப்பார். சுவிஸ்காரர்கள் இதற்கு ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, 24 மணி நேரமும் இரண்டு விமானங்களைத் தயாராக வைக்க 2020 முடிந்துவிட்டது. விமானம் அவர்களிடம் முன்பே இருந்தது, ஐயா. ராத்திரி ஷிப்டுதான் இல்லை.

கோட்பாடு என்பது இந்த ஷிப்டு அட்டவணையும் சேர்ந்ததுதான். எதைக் காப்பது, எதை விடுவது, யாரை எழுப்புவது, ஓடுபாதை உடைந்தால் எங்கே இறங்குவது. இந்தக் கடைசிக் கேள்விக்கும் சிங்கப்பூரில் பதில் உண்டு. லிம் சூ காங் சாலையில் விளக்குக் கம்பங்களையும் பஸ் நிறுத்தங்களையும் பிடுங்கிவிட்டு ஓடுபாதையாக்கிப் பழகியிருக்கிறார்கள். ஆக்ரா–லக்னோ விரைவுச் சாலையில் நம் விமானப்படையும் இறங்கிக் காட்டியது. கிருஷ்ணகிரிக்கு மட்டும் வர வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். சுங்கச்சாவடியில் சுகோய் போர் விமானத்தை மறித்து, ஃபாஸ்டேக் இல்லை, இரட்டைக் கட்டணம் என்பார்கள். தப்பித் தெற்கே போனால் தொப்பூர் கணவாய். அங்கே லாரிக்கே பிரேக் பிடிப்பதில்லை.

நியூசிலாந்து 2001-ல் தன் தாக்குதல் விமானங்களையே கைகழுவியது. சுற்றிலும் கடல், அதைக் கண்காணிக்கும் விமானம் போதும் என்று முடிவு. சரியா தப்பா என்று அவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள், ஆனால் யோசித்துச் செய்தார்கள். மாலத்தீவுக்கு நாம் துருவ் ஹெலிகாப்டரும் டோர்னியர் விமானமும் கொடுத்தோம், ஓட்டவும் பழுது பார்க்கவும் நம் ராணுவத்தினரே போனார்கள். 2023-ல் அங்கே பதவிக்கு வந்த புது அதிபர் அவர்களைக் கிளம்பச் சொன்னார், 2024-ல் அவர்கள் இடத்துக்கு இங்கிருந்தே சிவில் தொழில்நுட்பக்காரர்கள் போனார்கள். ஸ்பேனர் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த துருவ் பிறந்தது பெங்களூரில், நம் ஓசூருக்குப் பக்கத்தில். ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள். பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தமோ 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்று கூடாது என்று 2033 வரை குறுக்கே படுத்திருக்கிறது. அது கிடக்கட்டும், ரயில்? திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஓடிய குறுகிய பாதையை வெள்ளைக்காரன் காலத்திலேயே மூடிவிட்டார்கள். மாவட்டத் தலைநகரில் இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. பர்கூர்க்காரருக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் மனுவை ரயிலுக்குப் போடாமல் போர் விமானத்துக்குப் போடுகிறார்.